வழியில் விட்டுவந்த நூல்கள்

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் குடும்பங்களில் நூல்களின் நிலை இரங்கத்தக்கது. மாற்றல் உத்தரவு கைக்கு வந்ததும், வீட்டுப் பொருள்களை இன்றியமையாதவை என்றும் இல்லாவிடினும் குற்றமில்லாதவை என்றும் இரண்டாகப் பிரிப்பது நம் இல்லத்தரசியரின் வழக்கம். கட்டிலும் பாத்திரமும் தையற்பொறியும் முதல் வகுப்பில் ஏறிக்கொள்ளும். நூல்களோ பழைய தாள் வாங்குபவரின் தராசில் ஏறும். இரயில்வேயில் எழுத்தனாகச் சேர்ந்த பன்னிரண்டு ஆண்டுகளில் நான் மூன்று முறை வீடு மாறியவன். பொன்னியின் செல்வனின் மூன்றாம் பாகம் மட்டும் எங்கள் வீட்டில் இல்லாமற் போனது அவ்வாறுதான்.

சென்ற பூசை விடுமுறைக்கு முன், பாலக்காட்டுக் குடியிருப்பின் பரண் மீதிருந்த இரண்டு அட்டைப் பெட்டிகளை இறக்கியபோது, என் மனைவி ஒரு யோசனை சொன்னாள். “எடை போட்டு விற்றால் நாற்பது ரூபாய் வரும். நாம்தான் மறையூர், மூணாறு என்று கிளம்புகிறோமே. போகிற வழியில் படிக்கிறவர் கையில் கிடைக்கும்படி விட்டுவந்தால் என்ன?” என்றாள். நாற்பது ரூபாயை இழப்பதற்கு அவளே முன்வந்த பின் நான் மறுப்பானேன்? ஒன்பது நூல்களைத் தேர்ந்தெடுத்து ஒரு துணிப்பையில் இட்டோம்.

மேல்நாடுகளில் இவ்வழக்கம் ஓர் இயக்கமாகவே நடைபெறுகிறது. 2001 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரான் ஹார்ன்பேக்கர் என்பவர் இதற்கு ஓர் ஒழுங்கு வகுத்தார். நூலின் உள்ளட்டையில் ஓர் அடையாள எண்ணை எழுதிப் பூங்காவிலோ சிற்றுண்டிச்சாலையிலோ விட்டுவிடுவது. கண்டெடுத்தவர் அவ்வெண்ணைக் கொண்டு, நூல் எங்கே சேர்ந்தது என்று கணினி வழியே தெரிவிப்பது. அவர் இதற்கு வைத்த பெயர் மூன்றே ஆண்டுகளில் ஆக்ஸ்போர்டு அகராதியிலும் ஏறிவிட்டது. 2009 இல் அதே நாட்டின் விஸ்கான்சின் மாநிலத்தில் டாட் போல் என்பவர், தம் தாயாரின் நினைவாக வீட்டு வாயிலில் சிறு பள்ளிக்கூடம் போன்ற பெட்டி ஒன்றை நட்டு, வேண்டுவோர் நூல் எடுக்கவும் வைக்கவும் விட்டார். அத்தகைய பெட்டிகள் இன்று உலகெங்கும் நிற்கின்றன.

ஆயினும் நாம் மேற்கே பார்த்து வியக்க வேண்டுவதில்லை. நாம் வாழும் கேரளத்திலேயே கொல்லம் மாவட்டத்துப் பெரும்குளம் என்னும் சிற்றூரில், சாலையோரங்களில் ‘புஸ்தகக் கூடு’ என்ற பெயரால் பூட்டில்லாத நூற்பெட்டிகளை வைத்திருக்கின்றனர். அவ்வூர் 2021 இல் புத்தக கிராமம் என அறிவிக்கப்பட்டது. நம் தமிழ்நாட்டிலோ, 1931 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்திலேயே மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்தோறும் கொண்டுபோய்க் கொடுத்தார் கனகசபைப் பிள்ளை என்னும் பெருமகனார். நூலக இயலின் தந்தை எனப்படும் சீர்காழி இரங்கநாதன் நூலகத்தின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டதும் அதே 1931 இல்தான். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய ஒரு வாசகன் உண்டு என்பது அவற்றுள் மூன்றாவது விதி. எங்கள் துணிப்பையில் இருந்த ஒன்பது நூல்களும் இந்த மூன்றாம் விதியை நம்பியே புறப்பட்டன.

இரயில்வேக்காரன் என்ற முறையில் இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். நிலையத்திலும் வண்டியிலும் கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதீர், உடனே தெரிவியுங்கள் என்று நாங்கள் நாள்தோறும் ஒலிபெருக்கியில் கூறிவருகிறோம். இந்நிலையில் தாளில் சுற்றி நூலிட்டுக் கட்டிய பொட்டலம் ஒன்றை இருக்கையில் விட்டுச் சென்றால், அதைக் கண்டவர் படிக்கமாட்டார், போலீஸ்காரரை அழைப்பார். சுற்றாமல் விட்டாலும், நல்ல மனிதர் ஒருவர் அதை நிலைய அதிகாரியிடம் ஒப்படைப்பார்; அது பதிவேட்டில் ஏறி, தவறிய பொருள்களோடு பொருளாகக் குடைகளுக்கும் உணவுப் பாத்திரங்களுக்கும் நடுவே உறங்கும். ஆதலால் வண்டியில் விடுவதை நாங்கள் விலக்கினோம். தேநீர்க்கடை, முடிதிருத்தும் நிலையம் போன்ற இடங்களில், கடைக்காரரிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு, அட்டை தெரியும்படி வைப்பது என்று முடிவு செய்தோம். உள்ளட்டையில், ‘இந்நூல் தொலைந்ததன்று, உங்களுக்காக வைத்தது. படித்தபின் இன்னொருவருக்குக் கொடுங்கள்’ என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதினோம். தமிழ் வரிகளை எழுதியவள் நான்காம் வகுப்பில் படிக்கும் என் மகள். அவள் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் உண்டு, தமிழ் இல்லை. நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பிலும் தாயின் மடியிலுமாகக் கற்ற எழுத்துகளை அவள் ஏதேனும் ஒரு காரியத்திற்குப் பயன்படுத்தியது அன்றுதான் முதன்முறை. ஒன்பது நூலிலும் ஒன்பது முறை எழுதினாள். ஆறாவது நூலுக்கு வரும்போது ‘தொலைந்ததன்று’ என்பதில் ஐயமின்றிக் கை ஓடியது.

முதல் நூலைப் புறப்படுவதற்கு முந்தைய ஞாயிறன்றே தஸ்ராக்கில் விட்டோம். பாலக்காட்டிலிருந்து சில கல் தொலைவிலுள்ள சிற்றூர் அது. மலையாள எழுத்தாளர் ஓ. வி. விஜயனின் சகோதரியார் அங்கே ஓராசிரியர் பள்ளியில் பணியாற்றியபோது, அவருடன் வந்து தங்கிய விஜயன் கண்ட ஊரே 1969 இல் நூலாக வந்த ‘கசாக்கின் இதிகாசம்’ ஆயிற்று. அவர்கள் இருந்த ஞாற்றுப்புரை இப்போது நினைவகம். யூமா வாசுகியின் தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்று எங்களிடம் இருந்தது. அதை அவ்வூர்க் கடைப் பலகையில் வைத்தேன். கடைக்காரர் அட்டையைப் புரட்டிப் பார்த்து, “நம்முடைய விஜயன் தமிழிலும் உண்டோ?” என்று மலையாளத்தில் வினவினார். எழுத்துத் தெரியாத நூலை அவர் கீழே வைக்கவே இல்லை. இங்கே தென்னந்தோப்புகளில் வேலை செய்யும் பொள்ளாச்சிப் பக்கத்து ஆட்கள் வருவார்கள், அவர்களிடம் கொடுக்கிறேன் என்றார்.

பாலக்காட்டையும் இடுக்கியையும் தொடர்ந்து கேரள மண்ணிலேயே சென்று காண விரும்புவோர் திருச்சூர், எறணாகுளம் மாவட்டங்களைச் சுற்ற வேண்டும். எங்களைப் போல் கிழக்கே இறங்கித் தமிழ்நாட்டின் வழியாகப் போவோர், இரண்டு முறை மாநில எல்லையைக் கடந்து மீண்டும் கேரளத்திற்குள் ஏறுவர். விடியற்காலை வண்டியில் பாலக்காட்டை விட்டோம். கொல்லங்கோட்டில் தென்மலையின் பாறைச் சுவரில் வெயில் பட்டது. முதலமடை நிலையத்து ஆலமரங்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் கட்டுரை அங்கேயே நின்றுவிடும். மேடை முழுவதையும் நிழலால் மூடிய அம்மரங்களின் கீழே வண்டி நிற்கும் ஓரிரு நிமிடம், இரயில்வேயில் சேர்ந்ததற்காக நான் மகிழும் நேரங்களுள் ஒன்று. அகலப்பாதை வேலைக்காக ஆண்டுக்கணக்கில் மூடிக்கிடந்து 2015 இல் மீண்டும் திறந்த பாதை இது. பொள்ளாச்சி கடந்து உடுமலையில் இறங்கினோம். பாஸ் அங்கே முடிந்தது. மேலே மலையேறும் பேருந்துக்கு என் கைக்காசு.

ஆனைமலைப் புலிகள் காப்பகத்தினூடே சாலை சின்னாறு சோதனைச் சாவடியை அடைகிறது. காட்டின் நடுவே ஒரு நிழற்குடையைக் கண்டு, “அங்கே ஒன்று வைக்கலாமே, அப்பா” என்றான் என் இளைய மகன். யானை படிக்காது என்றேன். காட்டிற்குள் நூலாயினும் அது குப்பையே, எதையும் விடலாகாது.

மறையூர் மழை மறைவுப் பகுதி. தென்மேற்கே மூணாறு நனைந்து கிடக்கும் நாளிலும் இங்கே வெயில் காயும். கம்பி வேலியிட்ட சந்தன மரங்களும், முனியறைகள் எனப்படும் பெருங்கற்காலக் கல்லறைகளும், கரும்பாலைகளின் வெல்ல மணமும் இவ்வூரின் சிறப்புகள். அவ்வெல்லத்திற்கு 2019 இல் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. மறையூர், காந்தளூர் முதலிய ஐந்து ஊர்களுக்கு அஞ்சுநாடு என்று பெயர். மலையேறி வந்து குடியமர்ந்த தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் நாடு அது. 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டபோது, கன்னியாகுமரிப் பக்கத்து நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன. அதைப் பற்றிய வழக்கு பழையது. அதை நான் இங்கே கிளறப் போவதில்லை. ஆனால் கோடு போட்டபின், கோட்டின் இப்பக்கத்துப் பிள்ளைகள் எதைப் படிக்கின்றனர் என்பது இன்றைய செய்தி.

கரும்பாலைக்கு அருகில் ஒரு தேநீர்க்கடை. அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மாள் நடத்துகிறார். தேநீர் ஆற்றிக்கொண்டே மேசை மீது நாங்கள் வைத்த நூலைப் பார்த்து, “என்ன பொஸ்தகம் தம்பி அது? கடன் கணக்கா?” என்றார். அது என் மகளுடைய பழைய அம்புலிமாமாத் தொகுப்பு. கதைப் புத்தகம் என்றதும் உள்ளே திரும்பி, தம் பேரனை அழைத்தார். ஏழாம் வகுப்பில் படிக்கும் பையன். நூலை ஆவலோடு வாங்கிப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஒரு வரியையும் படிக்கவில்லை.

“தமிழ் பேச வரும். எழுத்து மலையாளம்தான் படிச்சேன்” என்றான்.

இப்பகுதியில் தமிழ் வழியில் கற்பிக்கும் அரசுப் பள்ளிகள் இல்லாமல் இல்லை. ஆயினும் நாளை இம்மாநிலத்தில் வேலை வேண்டுமே என்று பெற்றோர் பலர் பிள்ளைகளை மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ சேர்க்கின்றனர். அவர்களைக் குறை கூற எனக்கு நாவில்லை. நானும் என் மகளைத் தமிழ் இல்லாத பள்ளியில்தான் சேர்த்திருக்கிறேன். அந்த அம்மாளுக்கோ எந்த மொழியிலும் எழுத்துத் தெரியாது. ஆக, தமிழே பேசும் அந்தக் கடையில் தமிழ் நூலைப் படிக்க ஒருவரும் இல்லை. இரங்கநாதனாரின் மூன்றாம் விதி மறையூரில் தடுமாறுகிறதே என்று எண்ணிக்கொண்டு, நூலைத் திரும்ப எடுத்துக்கொள்வதா, விடுவதா என்று என் மனைவியைப் பார்த்தேன்.

அப்போது என் மகள் தன் சிறு பையைத் திறந்து வேறொரு நூலை எடுத்தாள். அழ. வள்ளியப்பாவின் ‘மலரும் உள்ளம்’. ஞாயிறு வகுப்பில் அவளுக்குப் பரிசாகக் கிடைத்தது. விடுவதற்கென்று எடுத்த ஒன்பதில் அது இல்லை. பெஞ்சில் அமர்ந்து, ஒரு பாட்டை விரல் வைத்துப் படிக்கத் தொடங்கினாள். றகரத்திலும் ரகரத்திலும் இடறி இடறித்தான் படித்தாள். ஆனால் பாட்டுக்குத் தாளம் உண்டல்லவா? இரண்டாம் அடிக்குள் அந்த அம்மாள் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டார். மூன்றாம் அடியில் தலை அசைந்தது. முடிந்ததும், “இன்னொரு தடவை சொல்லு கண்ணு” என்றார். இரண்டாம் முறை அவரும் கூடவே சொன்னார். எழுத்தறியாதவர்க்கு ஒருமுறை கேட்டதே போதுமானதாக இருப்பதை நான் என் பாட்டியிடம் கண்டிருக்கிறேன். அதற்குப் பின் அன்றுதான் கண்டேன்.

பையன் சும்மா இருக்கவில்லை. மகளின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவன், “இது ண தானே? இது ழ மாதிரி இருக்கே” என்று தானே சில எழுத்துகளைக் கண்டுகொண்டான். மலையாள எழுத்தறிந்தவனுக்குத் தமிழ் எழுத்து முற்றிலும் அந்நியமன்று. தூரத்து உறவினர் முகம்போல் எங்கோ பார்த்ததாகத் தோன்றும். என் மகளுக்குத் திடீரென்று ஆசிரியர் மிடுக்கு வந்துவிட்டது. அரை மணி நேரம், வெல்லப் பாகு கொதிக்கும் வாசனையில், இரண்டு பேரும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். பாகு பார்க்கப் போன என் மகன் கன்னமெல்லாம் வெல்லத்தோடு திரும்பி வந்தான்.

எழும்போது அவள் என்னருகே வந்து மெல்லிய குரலில், “இதையே இங்கே வைத்துவிடட்டுமா, அப்பா?” என்றாள்.

“உன் பரிசுப் புத்தகம் அம்மா. யோசித்துச் சொல்.”

“அம்புலிமாமா பெரிய பெரிய வரி. அவனால் முடியாது. இது சின்னச் சின்ன வரி.” சற்று நின்று, “அவன் படித்துவிட்டு வேறு யாருக்காவது கொடுத்துவிட்டால்?” என்றாள்.

“கொடுக்கத்தானே எழுதியிருக்கிறோம்” என்றாள் அவள் தாய்.

கடை மேசையிலேயே பத்தாம் முறையாக அந்த இரண்டு வரிகளை எழுதினாள். அம்புலிமாமா துணிப்பைக்குத் திரும்பியது. நாங்கள் குடித்த நான்கு தேநீருக்கு அந்த அம்மாள் காசு வாங்க மறுத்தார். என் மனைவி ஒரு கிலோ வெல்லம் வாங்கி அக்கணக்கைச் சரிசெய்தாள்.

மூணாற்றைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர். என் தொழிலைச் சேர்ந்த ஒன்றை மட்டும் கூறுகிறேன். இம்மலையில் ஒரு காலத்தில் இரயில் ஓடியது. 1902 இல் ஒற்றைத் தண்டவாள வண்டியாகத் தொடங்கி, 1908 இல் இரண்டடிக் குறும்பாதையாக மாறி, குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே டாப் ஸ்டேஷனுக்குத் தேயிலை சுமந்தது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவட வழியாகப் போடிப் பக்கம் இறங்கின. 1924 ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் பாதையை அடித்துச் சென்றது. மறுபடி எவரும் போடவில்லை. டாப் ஸ்டேஷன் என்று பெயர் மட்டும் நிற்கிறது, வண்டி வராத நிலையமாக.

மூணாற்றுக் கடைத்தெருவில் என் மகனுக்கு முடிவெட்டச் சென்ற நிலையத்தில், சினிமா இதழ்களுக்கிடையே ‘எரியும் பனிக்காடு’ நூலை வைத்தேன். வால்பாறைத் தோட்டங்களின் பழைய கொடுமைகளைப் பற்றி மருத்துவர் பால் டேனியல் ஆங்கிலத்தில் 1969 இல் எழுதியதை இரா. முருகவேள் தமிழாக்கியது. தேயிலைத் தோட்டத்து மக்கள் வந்து அமரும் இடத்தில் அதற்கு வாசகர் கிடைப்பர் என்பது என் கணக்கு. “யாராவது எடுத்துக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது, அண்ணா?” என்றார் கடைக்கார இளைஞர். போனால் நல்லது என்றேன். தூத்துக்குடியில் பொன். மாரியப்பன் என்பவர் தம் முடிதிருத்தும் நிலையத்தில் நூலகமே வைத்திருப்பதையும், 2020 அக்டோபரில் பிரதமர் வானொலியில் அவரோடு உரையாடியதையும் சொன்னேன். “அப்படியா! அப்போ சினிமா புத்தகத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன்” என்று நகர்த்தி இடம் செய்தார்.

மூணாற்றுக்கு அப்பால் இராசமலை கடந்து பெட்டிமுடி. 2020 ஆகஸ்டு 6 ஆம் நாள் இரவு மலை சரிந்து, லயங்களில் உறங்கிக்கொண்டிருந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த எழுபது பேர் மாண்ட இடம். அங்கிருந்துதான் இடமலைக்குடிக்குக் காட்டுவழி பிரிகிறது. முதுவர் பழங்குடி மக்களுக்கென 2010 இல் அமைந்த ஊராட்சி அது. வெளியார் வனத்துறையின் அனுமதியின்றிச் செல்லலாகாது, நாங்கள் செல்லவில்லை. ஆயினும் அவ்வூரைச் சேர்ந்த ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க மனம் வரவில்லை. பி. வி. சின்னத்தம்பி என்பது அவர் பெயர். காட்டின் நடுவே, மண் சுவர்த் தேநீர்க்கடை ஒன்றில், அவர் நூலகம் நடத்தினார். பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதினெட்டுக் கிலோமீட்டர் காட்டில் நடந்து சென்று கண்டு, 2014 இல் எழுதினார். அப்போது சின்னத்தம்பிக்கு வயது 73, நூல்கள் 160. உறுப்பினராக ஒரு முறை 25 ரூபாய், பிறகு மாதம் 2 ரூபாய். சர்க்கரையில்லாத கட்டன் சாயா இலவசம். பஷீர், எம். டி. வாசுதேவன் நாயர் ஆகியோரோடு, சிலப்பதிகாரத்தின் மலையாள மொழிபெயர்ப்பும் அங்கே இருந்தது; அதை இரவல் பெற்றுச் சென்று படித்துத் திருப்பினர் முதுவர் மக்கள். எடுத்ததும் திரும்பியதும் பேரேட்டில் பிழையின்றிப் பதிவாகியிருந்தன. பேரேடு எழுதிப் பிழைக்கும் எனக்கு இச்செய்தி தந்த மகிழ்ச்சியை விரித்துரைக்கத் தெரியவில்லை.

சிலப்பதிகாரம் அங்கே மலையாளத்தில் படிக்கப்பட்டதே என்று அன்றிரவு விடுதியில் நான் ஆதங்கப்பட்டேன். “தஸ்ராக்குக் கடைக்காரர் விஜயனைத் தமிழில் கண்டு மகிழ்ந்தாரே, அதற்கு இது சரியாகப் போயிற்று” என்றாள் என் மனைவி. மேலும் அவள் கூறியது எனக்கு நியாயமாகவே பட்டது. எல்லைப்புறத்தில் ஒரு நூலைத் தனியே விட்டால், அது பாதிப் பேருக்கு ஊமை. ஒரே கதை தமிழிலும் மலையாளத்திலும் கிடைத்தால், இரண்டையும் சேர்த்து விட வேண்டும். மறையூர்ப் பையன் போன்றவர்கள் தெரிந்த எழுத்தைக் கொண்டு தெரியாத எழுத்தைப் பிடித்துக்கொள்வார்கள்.

கடைசி நாளில் வட்டவடைக்குச் சென்றோம். பூண்டும் காரட்டும் விளையும் படிக்கட்டு வயல்கள். எறணாகுளம் மகாராஜா கல்லூரியில் 2018 ஜூலையில் குத்திக் கொல்லப்பட்ட அபிமன்யு என்னும் மாணவரின் ஊர் அது. தன் ஊருக்கு ஒரு நூலகம் வேண்டும் என்பது அவ்விளைஞரின் விருப்பமாம். அவர் மறைந்தபின், முன்பின் அறியாதவர்கள் பல ஊர்களிலிருந்தும் அனுப்பிய நூல்களால் அந்நூலகம் அமைந்து 2019 இல் திறக்கப்பட்டது. கட்சி வேறுபாடு பாராமல் நினைக்கத்தக்க செயல் இது. எங்களிடம் எஞ்சியிருந்தவற்றுள் மு. வரதராசனாரின் ‘தம்பிக்கு’ ஒன்றை அவ்வூரில் காய்கறி வாங்கிய கடையில் கொடுத்தோம். எடைபோடும் பெண்மணி பெயரைப் படித்துவிட்டு, “என் தம்பி கோயம்புத்தூர்ல படிக்கிறான், வந்தா குடுக்கிறேன்” என்று காரட் கூடைக்குப் பின்னால் வைத்தார்.

ஒன்பதில் ஏழு சென்றன. பரிசு நூலையும் சேர்த்தால் எட்டு. இவற்றுள் இரண்டேனும் வடை மடிக்கும் தாளாகியிருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. வடை தின்பவனும் எண்ணெய்க்கறைக்கு நடுவே நாலு வரி படிப்பான் அல்லவா? எழுத்து மூலமாக இதுவரை எவரிடமிருந்தும் செய்தி வரவில்லை. முகவரி எழுதாத நூலுக்குச் செய்தி எப்படி வரும்?

டிசம்பர் விடுமுறையில் நெல்லியாம்பதிக்கும், பிறகு கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் பக்கத்துச் சிற்றூர்களுக்கும் போக எண்ணம். இம்முறை என் மனைவியின் சொற்படி இரட்டை நூல்கள். கசாக்கின் இதிகாசம் இரண்டு மொழியிலும் ஒவ்வொன்று வாங்கியாகிவிட்டது. குழந்தைகளுக்கான எளிய தமிழ்ப் பாட்டு நூல்கள்தாம் போதவில்லை. சங்க அன்பர்கள் இல்லங்களில் பிள்ளைகள் படித்து வளர்ந்துவிட்டவை இருந்தால், ஞாயிறு வகுப்பு நடக்கும் அறையில், சன்னலோரப் பெட்டியில் இடலாம். உள்ளட்டையில் எழுதும் வேலையை என் மகள் ஏற்றிருக்கிறாள். கிறுக்கல் இல்லாத நூலாக இருந்தால் நல்லது என்று சொல்லச் சொன்னாள்.